புறப்புண் பட்ட அட்டைகள்

சென்ற ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் ஒரு சேகரிப்பாளரைச் சந்திக்க நேர்ந்தது. பெயர் வேண்டாம். பண்பானவர், பழகுவதற்கு இனியவர். நூறாண்டுகளுக்கு முந்தைய கொடைக்கானல் பட அஞ்சலட்டைகள் இருநூறுக்குக் குறையாமல் வைத்திருக்கிறார். ஏரி, தூண்பாறை, வெள்ளி அருவி, கரடிச்சோலை அருவி, கோக்கர்ஸ் வாக் என்று ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறைக்குள், நேற்று அச்சகத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது. முக்கால் மணி நேரம் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். நானும் மனம் நிறைந்து பார்த்தேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்றுவரை தோன்றிக்கொண்டிருக்கிறது.

“இதுல எழுதின அட்டை எதுவும் இல்லையா ஐயா? பின்பக்கம் கொஞ்சம் பார்க்கலாமா?”

அவர் சிரித்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே ரப்பர் பட்டை போட்ட ஒரு கட்டு. “முதுகு போச்சுன்னா அட்டை போச்சு சார். மொத்தமா வாங்கும்போது இதுவும் சேர்ந்து வந்துருது. நாங்க இதையெல்லாம் தொடுறதில்ல. வேணும்னா எடுத்துக்கங்க, ஒண்ணுக்கு அம்பது ரூபா குடுங்க போதும்” என்றார்.

பதினோரு அட்டைகளை வாங்கிக்கொண்டு மலையிறங்கினேன். இந்தக் கட்டுரை அந்தப் பதினோரு அட்டைகளின் சார்பாக எழுதப்படுவது. அந்த நண்பருக்கு எதிராக அல்ல, அவர் வாயிலாக வெளிப்பட்ட ஒரு மனநிலைக்கு எதிராக. அந்த மனநிலை நம்முடைய நூலகங்களிலும் பதிப்புகளிலும், நம் போன்ற இலக்கிய வாசகர்களின் அலமாரிகளிலும் குடியிருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

*

முதலில் இந்த அட்டைகள் எவை என்று சொல்லிவிட வேண்டும்.

1821இல் பி.எஸ். வார்டு என்ற நில அளவை அதிகாரி பழனி மலைகளை அளந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை மறித்து ஏரியை உருவாக்கினார். 1899இல் சூரிய ஆய்வுக்கூடம், 1901இல் மிஷனரிக் குழந்தைகளுக்கான பள்ளி. இப்படி ஐரோப்பியரும் அமெரிக்கரும் கோடைதோறும் கூடும் ஊராகக் கொடைக்கானல் ஆன அதே காலத்தில்தான் உலகெங்கும் பட அஞ்சலட்டை மோகம் பிடித்தது. இந்தியாவில் அஞ்சலட்டை என்பதே 1879இல் வந்தது. படம் போட்ட அட்டை அலையாகப் பெருகியது 1900க்குப் பிறகு, முதல் உலகப் போர் வரையிலான பதினைந்து ஆண்டுகளில். சென்னையின் ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்டு க்ளைன் ஆகியோர் தென்னிந்தியக் காட்சிகளை அட்டைகளாக வெளியிட்டனர். அக்காலத்து அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தவை. மதராசில் எடுத்த படம் ஜெர்மனியில் மையேறி, மதராசில் விற்பனையாகி, மலையில் எழுதப்பட்டு, லண்டனுக்கோ பாஸ்டனுக்கோ போய்ச் சேர்ந்தது. ஒரு தாளுக்கு இத்தனை பயணம்.

இந்த வகை அட்டைகளை ஆய்வுலகம் இப்போது தீவிரமாக எடுத்துக்கொள்கிறது. 2018இல் லண்டன் சோயாஸ் நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் சென்னை, பெங்களூர் பட அஞ்சலட்டைகளை நகர வரலாறாகக் காட்டும் கண்காட்சி ஒன்று நடந்தது. ஸ்டீபன் ஹ்யூஸும் எமிலி ஸ்டீவன்சனும் அதை ஒருங்கிணைத்தார்கள். அதே ஆண்டில் ஓமர் கானின் ‘பேப்பர் ஜுவெல்ஸ்’ என்ற பெருநூலும் வெளிவந்தது. ஆய்வாளர்கள் கவனிக்கத் தொடங்கியதும் விலையும் ஏறியது. விலை ஏறியதும் தரம் பிரிப்பு வந்தது. தரம் பிரிப்பு வந்ததும் முதுகு கிழிந்தவை கட்டிலுக்கு அடியில் போயின.

*

முதுகு எப்படிக் கிழிகிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ‘சேதம்’ என்று ஒரே சொல்லால் நாம் தள்ளிவிடுவது உண்மையில் பலவகை.

முதலாவது, பசை. அட்டையைப் பெற்றவர் அதை ஆல்பத்தில் ஒட்டினார். பெரும்பாலும் கறுப்புத்தாள் ஆல்பம். பிறகு யாரோ ஒருவர் ஆல்பத்தைப் பிரித்து விற்றபோது அட்டையைப் பிய்த்தார். கறுப்புத்தாள் அட்டையோடு வந்தது, அல்லது அட்டையின் தோல் ஆல்பத்தோடு போனது. இரண்டாவது, தபால்தலை. எட்வர்டு மன்னரின் அரையணாப் பச்சைத் தலைக்காகத் தலை சேகரிப்பவர் அட்டையை வெந்நீரில் ஊறவைத்தார், அல்லது பொறுமையில்லாமல் கிழித்தார். தலையோடு முத்திரையின் பாதி போயிற்று. முத்திரையோடு தேதி போயிற்று. மூன்றாவது, பூச்சி. நாம் இராமபாணம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கும் அந்த வெள்ளிப் பூச்சி. நான்காவது, கொடைக்கானலின் ஈரம். மலைவீடுகளில் மழைக்காலத்தில் புத்தகங்களுக்குப் பூஞ்சை பிடிக்கும் கதை அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த நான்கில் எதுவும் அட்டையின் வாழ்க்கைக்குப் புறம்பானது இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒட்டப்பட்டதால் ஏற்பட்ட கிழிசல், அந்த அட்டையை ஒருவர் தினமும் பார்க்க விரும்பினார் என்பதற்குச் சான்று. முன்பக்கத்தின் மேலிருந்த பிரியமே பின்பக்கத்துப் புண்ணாயிற்று.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒருவர் நினைவுக்கு வந்தாக வேண்டும். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன். எதிரியின் வேல் அவன் மார்பில் பாய்ந்து முதுகில் வெளிவந்தது என்பார்கள். புறத்தே புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து அவன் உயிர்விட்டதைப் புறநானூறு பாடுகிறது. முதுகில் புண் என்றால் புறங்காட்டி ஓடியவன் என்பது போர்க்களத்தின் இலக்கணம். ஆனால் அவன் ஓடவில்லையே, முன்னால் நின்று வாங்கிய வேலின் மறுமுனையல்லவா அந்தப் புண்! புண் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பவனுக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது. நமது சேகரிப்பாளர்களும் அட்டைகளை இந்தப் போர்க்கள இலக்கணத்தை வைத்தே தீர்ப்பிடுகிறார்கள்.

*

பதினோரு அட்டைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

முன்பக்கத்தில் மலைப்பாதை. 1910களில் மோட்டார்ச் சாலை வரும் வரை, அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்குபவர்கள் மாட்டுவண்டியில் பெரியகுளத்துப் பக்கம் வந்து, அடிவாரத்திலிருந்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் டோலியிலோ மலையேற வேண்டும். அந்தப் பாதையில் எடுத்த படம். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். தோளில் மூங்கில் தாங்கிய ஆட்கள். கீழே, கூலிகள் மலையேறுகிறார்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். பெண்மணிக்கும் பெயரில்லை, தூக்கியவர்களுக்கும் பெயரில்லை.

இதே படத்தின் இன்னொரு பிரதி நண்பரின் ஆல்பத்தில் இருக்கிறது. மாசு மருவற்றது. அஞ்சலில் சேர்க்கப்படாதது. பின்பக்கம் வெறுமை. அதற்கு அவர் கொடுத்த விலை நாலாயிரம் ரூபாய்க்கு மேல்.

என்னிடம் உள்ள ஐம்பது ரூபாய் அட்டையின் பின்பக்கத்தில் மேல் வலது மூலை கிழிந்திருக்கிறது. தலையோடு முத்திரையும் ஆண்டும் போய்விட்டன. எழுதுவதற்கும் முகவரிக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த முதுகு ஆதலால் 1902க்குப் பிற்பட்டது என்று மட்டும் சொல்லலாம். அந்த ஆண்டில்தான் பிரிட்டன் முதன்முதலாக முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத அனுமதித்தது. அதற்கு முன்பு முதுகு முழுவதும் முகவரிக்கே உரியது. எழுத விரும்பியவர்கள் படத்தின் ஓரங்களில் நுணுக்கி எழுதினார்கள். இடப்பக்கம் பென்சில் எழுத்து. அதன் மேல் விரல் அகலத்துக்குக் கறுப்புத்தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அட்டையின் தோல் உரிந்திருக்கிறது. மிச்சத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எழுதியவர் யாரோ ஒரு தாய், இங்கிலாந்தில் உள்ள மகனுக்கு எழுதுகிறார். மூடுபனி. ஈரப்பாறையில் முன்னால் சென்ற ஆளின் கால் வழுக்கியது. முழங்காலில் ரத்தம். ஆனாலும் அவர் மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அடுத்த வரியில் அந்த ஆளின் பெயரை எழுதியிருக்கிறார். பெயரின் முற்பகுதி உரிந்த தோலோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பது ஆங்கில எழுத்தில் ‘யாண்டி’.

பழனியாண்டியா, வேலாண்டியை அந்த அம்மையார் காதில் விழுந்தபடி எழுதினாரா, கருப்பையாண்டியா, தெரியாது. பழனிக் குன்றுக்குப் பின்னால் எழும் மலையில் சுமை தூக்கியவர் என்பதால் எனக்கு ஓர் ஊகம் உண்டு, ஆனால் ஊகம் சான்றாகாது. பெயரின் பாதிதான் இருக்கிறது.

ஆனால் அந்த நாலாயிரம் ரூபாய் அட்டையில் அந்தப் பாதியும் இல்லை. அதில் இருப்பவர் ‘கூலி’. இதில் இருப்பவர் ஒரு மனிதர். அவருக்கு முழங்கால் உண்டு, வலி உண்டு, தன் வேலையைப் பற்றிய ஒரு கண்ணியம் உண்டு, பாதிப் பெயரும் உண்டு. எது சேதமான அட்டை? வாசகர்கள் சொல்லட்டும்.

*

இந்தப் பைத்தியம் நம்மூரில் பிறந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதன் தாயகம் அமெரிக்காவின் பேஸ்பால் அட்டைச் சந்தை. அங்கே 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி சிகரெட் பெட்டிகளுக்குள் ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டைகளை வைத்தது. முன்பக்கம் ஆட்டக்காரர், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். அந்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை மிக அரியது. சிறுவர்கள் அந்த அட்டைகளைச் சட்டைப் பையில் திணித்தார்கள், நோட்டுப் புத்தகத்தில் ஒட்டினார்கள். நாங்கள் பள்ளியில் படித்தபோது பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியது போலத்தான். ஒட்டிப் பிய்த்த முதுகை அந்தச் சந்தை ‘தாள் இழப்பு’ என்ற பெயரால் குறிக்கும். முகம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் முதுகில் தாள் இழந்த அட்டை கடைசித் தரத்துக்குத் தள்ளப்படும். ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் கட்டிக்குள் அடைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் 1990களில் தோன்றின.

அந்த முறை எங்கே கொண்டுபோய் விட்டது? வாக்னர் அட்டைகளிலேயே மிகச் சுத்தமானது என்று பெயர் பெற்ற பிரதியை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரது கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அதற்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013இல், ஒரு காலத்தில் அதை வாங்கி விற்ற ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உலகின் மிகப் ‘பழுதற்ற’ அட்டை கத்தரிக்கோலால் பழுதாக்கப்பட்டது! பழுதின்மைக்குப் பணம் கொடுக்கும் சந்தை, பழுதின்மையைத் தயாரித்துக் கொடுக்கும் ஆட்களையும் தயாரிக்கும். அதில் வியக்க ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு மனிதரும் அதே நாட்டில் இருந்தார். ஜெஃபர்சன் பர்டிக். தொழிற்சாலைத் தொழிலாளி, மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கியவர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் காகிதத் துண்டுகளையும் சேர்த்து, அவற்றுக்கு வகைப்பாடு வகுத்து, எல்லாவற்றையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். வாக்னர் அட்டை வரிசையை இன்றும் அவர் இட்ட குறியீட்டால்தான் அழைக்கிறார்கள். அருங்காட்சியகத்திலேயே உட்கார்ந்து தம் அட்டைகளை ஆல்பங்களில் ஒட்டினார். ஆம், பசை போட்டு ஒட்டினார். 1963 தொடக்கத்தில் வேலையை முடித்தார், சில வாரங்களில் இறந்துபோனார். அட்டைச் சேகரிப்பின் தந்தை என்று போற்றப்படுபவரின் சேகரிப்பை இன்றைய தரம் பிரிப்பவர்களிடம் பிய்த்துக் கொடுத்தால் கடைசி மதிப்பெண் போடுவார்கள். யார் சேகரிப்பாளர், யார் வியாபாரி என்று அறிய இதைவிட நல்ல உரைகல் வேண்டுமா?

பர்டிக் ஒட்டியதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, மறைக்கவில்லை. ஒட்டியதால் பின்பக்கங்கள் மறைந்துவிட்டன. அவர்கூட முன்பக்கத்தின் காதலர்தான். ஆனால் அவர் எதையும் குப்பை என்று விலக்கவில்லை.

*

நம் மரபுக்கு வருவோம். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியவை மாசு மருவற்ற சுவடிகளா? செல்லரித்தவை, ஓரம் ஒடிந்தவை, இடையேடு இழந்தவை. பத்துப்பத்துகளாக இருந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எஞ்சிய எட்டை 1904இல் பதிப்பித்தார். எழுபது பாடல் கொண்டது எனப்படும் பரிபாடலில் இருபத்திரண்டுதான் கிடைத்தன. 1918இல் அவற்றைப் பதிப்பித்தார். ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் இல்லை. புறநானூற்றில் 267, 268 இல்லை. இருக்கிற பாடல்களிலும் சிதைந்த இடங்களில் புள்ளியிட்டு அச்சிட்டார்கள். அந்தப் புள்ளிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். ஒரு நல்ல புலவர் அந்த இடைவெளியைத் தம் சொல்லால் நிரப்பியிருக்கலாம், பக்கம் அழகாக இருந்திருக்கும். நேர்மையான பதிப்பாசிரியர் அதைச் செய்யவில்லை. இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் காட்டுவதே பதிப்பறம் என்று அந்தப் புள்ளிகள் நமக்குச் சொல்லிக்கொடுத்தன.

பாதிப் பெயரால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் சங்க இலக்கியமே பதில் வைத்திருக்கிறது. பெயரே கிடைக்காத புலவர்களுக்கு அவர்களது பாட்டின் ஒரு தொடரையே பெயராக்கினார்கள் தொகுத்தவர்கள். குறுந்தொகையின் செம்புலப்பெயனீராரை யாருக்குத் தெரியாது? நற்றிணையில் ஒருவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். தேய்ந்த பழங்கயிறு ஒன்றே ஒரு கவிஞரின் பெயராக இரண்டாயிரம் ஆண்டு நிலைத்திருக்கிறது. அத்தகைய மரபில் வந்த நாம், ‘யாண்டி’ என்று மிஞ்சிய மூன்றெழுத்தைத் தகரப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாமா?

கொடைக்கானலிலேயே இதற்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதை ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான். நூறாண்டுத் தகடுகளை அண்மைக் காலத்தில் எண்ணிம வடிவாக்கி உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கீறலும் கறையும் உள்ள தகடுகளும் அவற்றில் உண்டு. கறை பிடித்தது என்று ஒரு நாளின் சூரியனை எறிந்துவிட்டால் அந்த நாள் மறுபடி வராது. தகட்டில் நாளும் நேரமும் குறிக்கப்படாவிட்டால் எத்தனை தெளிவான படமும் வெறும் வட்டம். படம் எதைக் காட்டுகிறது என்பதை அதன் குறிப்புதான் சொல்கிறது. அஞ்சலட்டைக்கு அதன் முதுகே குறிப்பு.

*

மறுப்புகளை எதிர்கொள்ளாமல் முடிப்பது நேர்மையல்ல.

‘என் காசு, என் விருப்பம்’ என்பது முதல் மறுப்பு. உண்மைதான். அழகான படத்தை விரும்பி வாங்குவதில் யாருக்கும் வழக்கில்லை. எனக்கும் அந்த ஆல்பம் பிடித்திருந்தது. என் வழக்கு வேறு. சந்தையின் தரவரிசை வாங்குபவரின் வீட்டோடு நிற்பதில்லை. மொத்தமாக வந்த ஆல்பத்தைப் பிரித்து, நல்லதைப் பொறுக்கி, மற்றதை எடைக்குப் போடும் வழக்கத்தை அது உண்டாக்குகிறது. பென்சில் எழுத்தை அழிரப்பரால் தேய்த்து ‘எழுதப்படாத அட்டை’யாக்கி விற்கும் ஆட்களும் உண்டு என்று அந்த நண்பரே சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கண்டனம் இல்லை, தொழில்நுட்பம் பற்றிய மரியாதைதான் இருந்தது. அழிந்துபோவது ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பொருள் மட்டுமல்ல, பிறருக்கு இருந்த ஒரே சான்று.

‘வெள்ளைக்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்கு எழுதிய நலம் விசாரிப்புகளில் தமிழாசிரியருக்கு என்ன வேலை’ என்பது இரண்டாவது. என் சக ஆசிரியர் ஒருவர் நேராகவே கேட்டார். கேள்வி நியாயமானது. அந்த அட்டைகளில் பெரும்பாலானவை தட்பவெப்பமும் தேநீர் விருந்தும்தான். ஆனால் பழனி மலையில் சுமை தூக்கியவர்கள், குதிரை பிடித்தவர்கள், சமையல் செய்தவர்கள், ஆயாக்கள் ஆகியோர் தாமே எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. எழுத அவர்களுக்கு வாய்ப்பும் தரப்படவில்லை. அவர்கள் பெயர் எங்காவது தட்டுப்படுமென்றால் இப்படிப்பட்ட ஓரங்களில்தான், பிறர் கையெழுத்தில், பிழையான எழுத்துக்கூட்டலில்தான். முன்பக்கத்தை அச்சிட்டவன் அவர்களை ஒரு வகைமாதிரியாக்கி விற்றான். பின்பக்கத்தில் எழுதியவள், தன் எல்லைகளுக்குள், ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தாள். ஆளும் இனத்தின் கடிதம் என்று அதைத் தள்ளினால் நாம் தள்ளுவது அவளையல்ல, அவரை.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. சிதைவைக் கொண்டாடுவது ஒருவகை ரசனைப் பாவனை அல்லவா? ஆம், அப்படி ஆகக்கூடும். கிழிசலே அழகு என்று சொல்லும் கூட்டத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயர் முழுதாக இருந்திருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். அந்தத் தலையைக் கிழித்தவர் மீது எனக்குக் கோபமே. சிதைவு நல்லதென்று நான் சொல்லவில்லை. சிதைந்ததில் மிஞ்சியது சிதையாததில் இல்லாததாக இருக்கலாம், பார்க்காமல் எறியாதே என்று மட்டுமே சொல்கிறேன்.

*

கடைசியாக நம்மைப் பற்றி. அஞ்சலட்டைக்காரரைக் குறை சொல்லும் தகுதி நமக்கு உண்டா?

நம் நூலகங்களில் பழைய இதழ்களைப் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிட்டு, விளிம்பை வெட்டி, ‘உள்ளடக்க’த்தை மட்டும் தைக்கும் வழக்கம் உண்டு. விளிம்போடு பழைய வாசகரின் பென்சில் குறிப்பும் போகிறது. பழைய சிற்றிதழ்களைத் தொகுப்பாக்குகிற பதிப்பாளர்களும் கதை, கவிதை, கட்டுரை என்று பொறுக்கிக்கொண்டு, வாசகர் கடிதங்களையும் சந்தா அறிவிப்புகளையும் விட்டுவிடுகிறார்கள். ஒரு சிற்றிதழ் எப்படி உயிர் வாழ்ந்தது, ஏன் நின்றது என்பது அந்தச் சந்தா அறிவிப்பில்தான் இருக்கும். பழைய புத்தகக் கடையில் ‘அன்பளிப்பு’ என்று கையெழுத்திட்ட முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு விற்கிறார்கள், நாமும் சுத்தமான பிரதி கிடைத்தது என்று மகிழ்கிறோம். இவையெல்லாம் முதுகைக் கிழிக்கும் காரியமே.

இதற்கு எதிரான முன்னுதாரணமும் நம்மிடமே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் வேறுபாடு பாராமல் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அந்தச் சேகரிப்பை வைத்து 1994இல் சென்னையில் உருவான நூலகம் இல்லாமல் இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுத முடியாது. அவர் தரம் பிரித்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு நல்ல அலமாரி மட்டுமே.

என் கோரிக்கைகள் எளியவை. எழுத்தை அழிக்காதீர்கள். தலையைப் பிய்க்காதீர்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். ஒட்டிய கறுப்புத்தாளை நீங்களே நீரில் ஊறவைத்து எடுக்கத் துணியாதீர்கள், பென்சில் தாங்கும், பழைய மை கரைந்துவிடும். ஒரு வீட்டு ஆல்பம் கைக்கு வந்தால் பிரிக்கும் முன் அடுக்கு வரிசையையாவது குறித்துக்கொள்ளுங்கள். படமெடுத்து வைப்பதானால் இரு பக்கமும் எடுங்கள். வேண்டாதவற்றை எடைக்குப் போடாமல் ஒரு நூலகத்துக்கு, ஒரு கல்லூரிக்கு, அல்லது என்னைப் போன்ற ஒரு பித்துக்கு, ஐம்பது ரூபாய்க்கே கொடுங்கள்.

என் பதினோரு அட்டைகளையும் இரு பக்கமும் படியெடுத்து, மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தேன். இடம், காலம், எழுதியவர், பெற்றவர், படத்தில் உள்ளவர் என்று கட்டங்கள். அந்த ஓர் அட்டைக்குப் ‘படத்தில் உள்ளவர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒரு மாணவி கேட்டாள். படத்தில் இருப்பவரும் எழுத்தில் இருப்பவரும் ஒருவரல்லவே, பாதையும் தொழிலும் மட்டும்தானே ஒன்று என்று அவளே திருத்தவும் செய்தாள். சரியான திருத்தம். ‘எழுத்தில் குறிக்கப்படுபவர்’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தோம். ‘பழனியாண்டி என்று போட்டுடலாமா ஐயா’ என்றாள். ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். மூன்று புள்ளிகள் வைத்து, அதன் பிறகு ‘யாண்டி’ என்று எழுதினோம்.